சிவப்புக் கோடு போட்ட ஐந்து மாதங்கள்

தேனு, வசந்த், இது உங்கள் இரண்டு பேருக்கும்.

போன வாரம், நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர். எங்கள் காலத்து நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாராம். இப்போது அங்கே பூச்சியைத் தட்டில் பரப்பிக் கேமராவுக்குக் கீழே வைத்தால் போதும், கம்ப்யூட்டரே எண்ணி, அளந்து, எடை இவ்வளவு இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறதாம். கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, சித்தேரி மலை ஓடை நோட்டுல ஜனவரியில இருந்து மே வரைக்கும் செவப்பு மையில கோடு அடிச்சிருக்குதுங்க. யாருங்க அடிச்சது?"

"மேடம் அடிச்சாங்க தம்பி."

"பக்கத்துல பென்சில்ல என்னமோ எழுதியிருக்குது. மங்கிப் போச்சு. என்ன காரணம்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"காரணம் நான்தான்" என்றேன்.

பெரியவரிடம் மேலே கேட்கலாமா கூடாதா என்று யோசித்திருப்பார். நானே சுருக்கமாகச் சொன்னேன். போனை வைத்த பிறகு, ஊரார் பிள்ளைக்குச் சொன்னதை என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையே என்று தோன்றியது. முக்கியமாகத் தேனுவுக்கு. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட ஃபாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் லேப் உதவியாளர் என்று எழுதிவிட்டு, 'அதுன்னா என்னாப்பா' என்று கேட்பீர்கள். வசந்த் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தான். 'பூச்சி புடிக்கறவன் புள்ள'ன்னு பசங்க சொல்கிறார்கள் என்று. தேனு மறுநாள் அவன் வகுப்புக்கே போய், "எங்க அப்பா பூச்சி புடிக்கறவரு இல்ல, எடை போடறவரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகச் சிரித்தார்களாம். ஆனால் தேனு சொன்னதுதான் சரி. முப்பது வருஷம் நான் எடைதான் போட்டேன்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப்பக்கம் போகும்போது வரும் ஓடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு ஓடும் சின்னச் சின்ன உயிர்கள் இருக்கும். முதுகெலும்பு இல்லாதவை. பாதிக்கு மேல் பூச்சிகளின் குஞ்சுகள். வால் மூன்றாகப் பிரிந்த ஒன்றை நாங்கள் 'மூணுவால்' என்போம். மணலை ஒட்ட வைத்துக் குழாய் மாதிரி வீடு கட்டிக்கொள்ளும் ஒன்றைக் 'கூடுகட்டி' என்போம். மீன் இதைத் தின்கிறது. தவளை இதைத் தின்கிறது. பறந்து வெளியே வந்தால் தட்டானும் சிலந்தியும் குருவியும் தின்கின்றன. ஓடை ஒரு வருஷத்தில் இந்தப் பூச்சி உடம்பை எவ்வளவு விளைவிக்கிறது என்று தெரிந்தால், அந்த ஓடை எத்தனை உயிருக்குச் சோறு போடுகிறது என்று தெரியும். அதுதான் எங்கள் வேலை.

இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, வருஷத்தில் எவ்வளவு விளைந்தது என்பது வேறு. நம் வீட்டுப் பின்னால் இருக்கும் கீரைப் பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் போய்ப் பார்த்தாலும் ஒரு கட்டுக் கீரைதான் நிற்கும். அதை வைத்து இந்தப் பாத்தி ஒரு கட்டுதான் தரும் என்று சொல்ல முடியுமா? அம்மா கிள்ளியது, ஆடு மேய்ந்தது, புழு தின்றது எல்லாம் சேர்த்தால்தானே விளைச்சல். ஓடையில் நூறு குஞ்சு பொரிந்தால் நாலைந்துதான் வளர்ந்து இறக்கை முளைத்துப் பறக்கும். மீதி எல்லாம் நடுவழியில் யார் வாயிலாவது போய்விடும். போனதும் ஓடை விளைவித்ததுதான். அதைக் கண்டுபிடிக்க மாதாமாதம் சாம்பிள் எடுத்து, பொடிசு எத்தனை, நடுத்தரம் எத்தனை, பெரிசு எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். பொடிசு குறைந்து நடுத்தரம் ஆகும்போது எத்தனை காணாமல் போயின என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். இதில் பொடிசுதான் அஸ்திவாரம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான் அங்கே சேர்ந்த கதை சின்னது. தக்காளித் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தவனிடம் ஓடைக்கு வழி கேட்டு ஒரு ஜீப் வந்தது. வழி காட்டினேன், வலையைத் தூக்கிக் கொடுத்தேன், அப்படியே தினக்கூலியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது.

பழக்கியவர், அந்த ஆராய்ச்சியை நடத்திய விசாலாட்சி மேடம். ஒல்லியாக இருப்பார். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எடை போடும் அறைக்குள் நுழையும் முன் வளையலைக் கழற்றி மேஜை டிராயரில் வைப்பார். ஃபேனை நிறுத்துவார். அந்தத் தராசுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு, மூச்சுக் காற்று பட்டாலும் எண் மாறும். பூச்சியை முதலில் மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தலை அகலம் அளப்போம். ஸ்பிரிட்டில் கிடந்தால் உடம்பு சுருங்கும், தலை சுருங்காது. பிறகு ஈயத்தாளில் கப்பல் மாதிரி செய்து அதில் போட்டு, ஓவனில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ஈரத்தை உறிஞ்சும் நீலக் குருணை போட்ட மூடிய கண்ணாடி ஜாடியில் ஆறவைத்து, அதற்குப் பிறகுதான் தராசு. ஒரு கப்பலில் நூறு மூணுவால் போட்டாலும் ஒரு சிட்டிகை சுக்குத்தூள் அளவுக்குக்கூட எடை வராது.

மேடம் யாரையும் 'தப்பு' என்று சொல்ல மாட்டார். "இன்னொரு தடவ பாக்கலாமா?" என்பார். இரண்டாவது முறை செய்து காட்டினால் மறுபடியும், "இன்னொரு தடவ பாக்கலாமா?" மூன்றாவது தடவை அவர் கேட்கும் முன்னாலேயே நமக்குத் தப்பு தெரிந்துவிடும். ஆனால் கறார். சேர்ந்த முதல் மாதம் ஒரு பாட்டிலுக்குள் சீட்டுப் போட மறந்துவிட்டேன். இடம், தேதி, எந்தக் கல் என்று பென்சிலில் எழுதி உள்ளே போட வேண்டும். மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். "நேத்து எடுத்ததுதான் மேடம், எனக்கு ஞாபகம் இருக்குது" என்றேன். அவர் பாட்டிலைத் திறந்து என் கண் முன்னாலேயே வடிகட்டிக் கொட்டிவிட்டார். "எந்த எடம், எந்த நாளுன்னு தெரியாத பூச்சி வெறும் பூச்சிதான் மாதையன்" என்றார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் குனிந்து எடுத்தது.

ஓடையில் எடுப்பது இப்படி. ஒரு அடிக்கு ஒரு அடி இரும்புச் சட்டம். அதோடு சேர்த்துத் தைத்த வலை. மாவு சலிக்கும் துணியைவிட நெருக்கமான துணி, அதைத் தைத்துக் கொடுத்தது தர்மபுரியில் தையல்கடை வைத்திருந்த பாய். அவர் மகள் சபீனாதான் மேடத்திடம் தீசிஸ் செய்துகொண்டிருந்த பெண். தண்ணீர் கல்மேல் வேகமாக ஓடும் இடத்தில் சட்டத்தை அழுத்தி, வலை வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்த்திருக்கும்படி வைக்க வேண்டும். சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கடைசியில் ஜல்லியை விரலால் கிளறிக்கொண்டே நூறு எண்ண வேண்டும். எல்லாம் வலைக்குள் போகும். வலையை வெள்ளை ட்ரேயில் கவிழ்த்து, பெரிய கல்லையும் இலையையும் கழுவி எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை மண்ணோடு மண்ணாக பாட்டிலில் ஊற்ற வேண்டும். மண்ணோடு என்பது முக்கியம். அப்போதுதான் பொரிந்த குஞ்சு மணலைவிடப் பொடிசு. கண்ணால் பொறுக்க முடியாது. சபீனா அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பிரித்து எடுப்பாள். ஒரு பாட்டிலுக்கு இரண்டு நாள் ஆகும்.

செப்டம்பரில் தொடங்கினோம். பன்னிரண்டு மாதம் எடுத்தால் சபீனாவின் தீசிஸ் முடியும். முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். முதல் நான்கு மாதம் மேடமும் சபீனாவும் ஓடைக்கு வந்தார்கள். அதற்குள் என் கை தேறிவிட்டது. ஜனவரியிலிருந்து நானே பக்கெட்டும் வலையுமாக பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "என்னாங்க, இன்னிக்காவது கொழம்புக்குத் தேறுச்சா?"

அந்த ஜனவரியில் உங்கள் அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியது.

இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. தேனுவுக்கு முன்னால் ஒன்று உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அதனால் அந்த மாதம் பிறந்ததும் அம்மா படிக்கட்டில்கூடக் கால் வைக்கப் பயந்தாள். ஒரு நாள் நான் சட்டையைக் கழற்றிப் போட்டபோது எடுத்து மோந்து பார்த்தாள்.

"இது என்னா வாசனைங்க?"

"ஸ்பிரிட். பூச்சிய அதுலதான் போடுவோம்."

"உசுரோடவா?"

"உசுரோடதான்."

அவள் சட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "வூட்டுல புள்ளத்தாச்சி இருக்கும்போது ஆம்பள ஒரு உசுர கொல்லக்கூடாதுங்க. பாம்பக்கூட அடிக்க மாட்டாங்க, வெரட்டித்தான் வுடுவாங்க. போன தடவ நாம எதையும் பாக்கல."

"வேலையே அதாச்சே. வேலைய வுட்டுடட்டுமா?"

மறுநாள் காலை டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது ஒரு முடிவோடு இருந்தாள். "பெருசுங்கள வேணும்னா போட்டுக்கோங்க. அதுங்க வாழ்ந்து பாத்துட்டுதுங்க. பொடுசுங்கள மட்டும் தண்ணியிலயே வுட்டுருங்க. தாய்ப்பூச்சி தேடும்."

"இதுக்குத் தாயெல்லாம் இருக்காது. முட்டைய வுட்டுட்டு அன்னைக்கே செத்துப் போயிரும்."

"அப்ப இன்னும் பாவம்" என்றாள்.

நான் படித்தவர்களோடு வேலை செய்கிறவன், இதையெல்லாம் நம்புவேனா என்று கேட்காதீர்கள். நம்பினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன், சரி என்றேன். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ட்ரேயில் கண்ணுக்குத் தெரிந்த பெரிசை எல்லாம் ஸ்பூனால் எடுத்து பாட்டிலில் போட்டேன். மீதி மண்ணும் தண்ணீருமாகக் கிடந்ததை ஓடைக்குத் திருப்பி ஊற்றினேன். ஊற்றும்போது ட்ரேயை மெதுவாகச் சாய்த்து, வேகம் இல்லாத ஓரமாகப் பார்த்து ஊற்றுவேன். சின்னது அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று. செய்கிறபோது மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது. பெரியவற்றை எண்ணிச் சரியாகக் கொண்டுபோகிறோம், பொடிசு தூசு மாதிரி, அது என்ன எடை வரப்போகிறது என்று நினைத்தேன். தராசு பிடித்துப் பழகிய புத்தி, எடை இல்லாததை ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டது.

சபீனாவுக்கு என்மேல் ரொம்ப சந்தோஷம். "மாதண்ணா, பாட்டில தொறந்தா மண்ணே இல்ல, பூச்சி மட்டும் பளிச்சுன்னு இருக்குது. எனக்கு ரெண்டு நாள் வேல மிச்சம்" என்று சொல்லி வீட்டிலிருந்து ஒரு தூக்குப் போசி நிறைய பிரியாணி கொண்டுவந்து கொடுத்தாள். நானும் அம்மாவும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி கணக்கு வந்தபோது மேடம் புருவத்தைச் சுருக்கினார். பொடிசு காணோம். முதலில் வலையைத்தான் சந்தேகப்பட்டார். பாயை வரச் சொன்னார். அவர் வலையைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "ஒரு தையல்கூட வுடலிங்களே" என்று சொல்லிக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று முழு ஓரத்தையும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தார். வயசான மனிதர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தைத்தார். நான் பக்கத்தில் நூல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பொடிசையும் கொண்டுவரச் சொல்வார்கள். கொண்டுவந்தால் வீட்டில் கொடுத்த வாக்கு போகும். ஐந்தாம் மாதம் தாண்டி ஆறாம் மாதம் ஆகியிருந்தது. எதையும் அசைக்க எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச்சிலும் பொடிசு இல்லை. ஆனால் பெரிசு இருக்கிறது. "குஞ்சே இல்லாம பெருசு எங்கிருந்து வருது?" என்று மேடம் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு நடந்தார். ஒரு நாள் காலையில் வேகமாக வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "மாதையன், ஓடையில தண்ணி கொறையக் கொறைய பொடுசெல்லாம் ஜல்லிக்கு அடியில எறங்கிப் போயிருதுன்னு நெனைக்கறேன். மேல நம்ம தேடறோம், அதுங்க கீழ ஒளிஞ்சிக்கிட்டு இருக்குதுங்க. தோண்டிப் பாக்கலாம்ங்க."

ஏப்ரலில் மூன்று பேரும் போனோம். மேல் சாம்பிளை நான் விடிந்ததும் போய் எடுத்து முடித்திருந்தேன். கடப்பாரையால் ஓடை நடுவில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்தேன். மேடம் புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்து, ஊறிவந்த தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு பாட்டிலில் ஊற்றினார். லேபுக்கு வந்து பார்த்தால் மூன்று குஞ்சு. பொடிப்பொடியாக. ஜல்லிக்குள் எப்போதும் சிலது இருக்கும்தான். மேடம் சபீனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் வெளியே போய்க் கடப்பாரையைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

மே மாதக் கடைசியில் தேனு பிறந்தாள். கோடை மழையும் பெய்தது. ஜூன் மாதம் நான் பழையபடி மண்ணோடு பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோனேன். பொடிசு கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. மழை வந்ததும் அடியிலிருந்து மேலே ஏறிவிட்டன என்று மேடத்துக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. பெரிய கூட்டம் ஒன்றில் படிப்பதற்காகக் கட்டுரை எழுதினார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். சபீனாவும் இருந்தாள். "அங்க படிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட படிச்சுக் காட்டணும்ங்க. தண்ணியில நின்னது நீங்க" என்று சொல்லி, இங்கிலீஷில் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். கடைசியில் நன்றி சொல்லும் இடம். "இந்தச் சாம்பிள்கள் எல்லாவற்றையும் ஒன்றுகூட விடாமல் கவனமாக எடுத்துத் தந்த மாதையன்" என்று இருந்தது.

என் தினக்கூலி வேலையை நிரந்தரமாக்கும் ஃபைலும் அதே மேஜையில் அவர் கையெழுத்துக்காக இருந்தது. அது எனக்குத் தெரியும். கைக்குழந்தை வீட்டில். நாளைக்குக் காலை அவர் பஸ் ஏறிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் இந்த மனுஷி பத்து பேர் முன்னால் நின்று, இல்லாத ஒன்றை என் பேரைச் சொல்லிச் சொல்லப்போகிறாரே.

"மேடம், ஒண்ணுகூட வுடாமன்னு போடாதீங்க" என்றேன். "வுட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், ட்ரே, அம்மா சொன்னது, முதல் குழந்தை போனது. சபீனா வாயில் கை வைத்துக்கொண்டாள். மேடம் பேனாவை மூடினார்.

"எந்த மாசத்துல இருந்து?"

"ஜனவரி."

"எதுவரைக்கும்?"

"பாப்பா பொறக்கற வரைக்கும்."

அவர் நோட்டைப் புரட்டி, விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். "அந்த மூணு குஞ்சு?"

"அது நெசம் மேடம். ஆனா மேல அதவிட நெறைய இருந்துச்சு."

நோட்டை மூடி வைத்துவிட்டு, "மொத கொழந்தையப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாதையன். சொல்லியிருந்தா அஞ்சு மாசம் சபீனா ஓடைக்குப் போயிருப்பா, நீங்க மைக்ராஸ்கோப்புல உக்காந்திருப்பீங்க. அவ்ளோதானே விஷயம்" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை இன்றைக்கும் சுடுகிறது. அவ்வளவுதான் விஷயம். எனக்குத் தோன்றவே இல்லை.

"பஸ் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு வாங்க" என்றார்.

அடுத்த வாரம் என்னை ஓடைக்கு அழைத்துப் போனார். பொடிசில் எத்தனை பங்கு போயிற்று என்று தெரிந்தால் அந்த ஐந்து மாதத்தைச் சரிசெய்துவிடலாம் என்று அவருக்கு ஒரு ஆசை. "அப்ப எப்படி ஊத்துனீங்களோ அதேமாதிரி ஊத்துங்க. நான் கீழ சல்லடை புடிச்சிக்கறேன்" என்றார். நான் பொறுக்கிவிட்டு ஊற்றினேன். சல்லடையில் விழுந்ததைத் தனி பாட்டிலில் போட்டார். "இன்னொரு தடவ பாக்கலாமா?" ஊற்றினேன். மூன்று தடவை ஆயிற்று. லேபில் எண்ணினால் மூன்றும் மூன்று விதம். ஒன்றில் பாதி போயிருந்தது, ஒன்றில் கொஞ்சம்தான், ஒன்றில் ஏறக்குறைய எல்லாம்.

"நீங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்களா, கை நடுங்கிருச்சு மேடம்."

"நடுங்கல மாதையன். இப்ப உங்க கைக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அப்ப தெரியாது. தெரியாத கைய இனிமே எங்க போய்த் தேடறது?" என்றார்.

அன்று சாயங்காலம் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, ஐந்து மாதத்துக்கும் கோடு போட்டார். கிழிக்கவில்லை, அழிக்கவில்லை. கோடு மட்டும். என் ஃபைலை எடுத்து டிராயரில், வளையல் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "அந்த அஞ்சு மாசமும் ஓடையில திரும்ப வரட்டும். வந்தப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சாம்பிள் தவறினால் மறுநாள் எடுத்துக்கொள்ள முடியாது. ஜனவரி வேண்டுமென்றால் அடுத்த ஜனவரி வர வேண்டும். சபீனாவின் தீசிஸ் அப்படியே நின்றது. கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. எது வேண்டுமானாலும் பென்சிலால் சீட்டில் எழுதி என் மேஜையில் வைப்பாள். கடைசியில் ஒரு சீட்டில், 'மாதண்ணா, அந்தப் பிரியாணியத் திருப்பிக் குடுங்க' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பாயிடம் நேரில் போய்ச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டார். "அப்ப என் தையல் இல்லியே" என்றார். "இல்லீங்க பாய்." "அது போதும் தம்பி. நாலு மாசமா அந்தத் தையலத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அம்மாவிடம் சொன்னபோது, தேனு, உன்னை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் வுடத்தான சொன்னேன். சொல்லாம வுடுங்கன்னா சொன்னேன்?" என்றாள்.

இதை மேடத்திடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அடுத்த தீசிஸ அவங்ககிட்ட குடுத்துரலாம்" என்றார். அந்தப் பிரச்சினைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஜனவரியிலிருந்து மே வரை, மண்ணோடு, தண்ணீரோடு, ஒரு துளி சிந்தாமல் எடுத்தேன். சபீனா கூடவே வந்தாள். நம்பாமல் இல்லை, துணைக்குத்தான் என்று அவளே சொன்னாள். பொடிசு ஐந்து மாதமும் இருந்தது. எங்கேயும் ஒளியவில்லை. கணக்குப் போட்டபோது, முன்னால் ஒரு கைப்பிடி விளையும் என்று வந்த ஓடை, இப்போது ஒரு முறம் விளையும் என்று வந்தது. எடையே இல்லை என்று நான் நினைத்த தூசுதான் அவ்வளவும். ஓடை சோறு போடுவது பெரிசால் இல்லை. பெரிசாகாமலே போய்விடுகிற அத்தனையாலும்தான். மே மாத பாட்டிலை மேஜையில் வைத்த அன்றைக்கே மேடம் டிராயரைத் திறந்து ஃபைலை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சபீனா கல்யாணத்துக்கு நாம் போனோம். தேனு ஒரு வயசுக் குழந்தை. சபீனா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம், "இவதான் அந்த அஞ்சு மாசம்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இவ்வளவும் அந்தப் புது தம்பிக்குச் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப கம்ப்யூட்டர்ல அந்த எடத்துல பூஜ்யம்னு போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். "பூஜ்யம்னா பூச்சி இல்லைன்னு ஆயிரும் தம்பி. இருந்துச்சு. காலியா வுட்டுருங்க" என்றேன்.

இன்று காலை அவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த நோட்டைக் கோடு போட்ட பிறகு நான் திறந்ததே இல்லை, மனசு வரவில்லை. சிவப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் மேடத்தின் பென்சில் எழுத்து. மற்ற பக்கமெல்லாம் இங்கிலீஷ், இது மட்டும் தமிழ். போனைப் பெரிதாக்கி அம்மாதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'சிறியவை விடுபட்டன. கணக்கில் சேர்க்க வேண்டாம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.'